கேட்டமரன் எழுத்துரு: பாம்பன் வெயிலில் பார்த்தது

பாம்பனில் கருவாட்டு வியாபாரம் பார்க்கும் மாமாவுக்கு வெப்சைட் செய்தேன். எழுத்துரு, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கேட்டமரன். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது. தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பம். நம்ம கட்டுமரம்தான் அந்தப் பெயர் என்றதும் மாமா விலைகூடக் கேட்காமல் சரி சொல்லிவிட்டார்.

ஆசைக்கு லைட் எடையை, அதாவது மெல்லிய கோட்டு எழுத்தைப் போட்டேன். வீட்டில் லேப்டாப்பில் அழகாகத்தான் இருந்தது. மறுநாள் கருவாடு காயப்போடும் வாடியில், உச்சி வெயிலில், மாமா போனைக் கண்ணருகே கொண்டுபோய், "என்ன மாப்ள, எழுத்து நெத்திலி முள்ளு மாதிரில்ல இருக்கு?" என்றார். தப்பு எழுத்துருவில் இல்லை, என்னிடம். 100 முதல் 900 வரை ஒன்பது எடைகள் இருக்கின்றன. 500க்கு ஏற்றினேன், அளவு 18 பிக்சல், வெளிர்சாம்பலை விட்டுக் கறுப்பு. வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு. ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘சூ’வின் வால் கீழே இறங்கும், ஆங்கிலக் கணக்கில் 1.4 வைத்தால் இரண்டும் நெருக்கியடிக்கும்.

ஒன்பது எடைகளையும் வெப்சைட்டில் சேர்க்காதீர்கள், 500ம் 700ம் போதும். எழுத்துரு இறங்கும்வரை போனிலுள்ள எழுத்தே தெரியும்படி, CSSஇல் font-display என்ற அமைப்பை ‘ஸ்வாப்’ (swap) என்று வையுங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் வெற்றுப் பக்கத்தைப் பார்த்து யாரும் சீலாக் கருவாடு வாங்க மாட்டார்கள்.

நீளக் கட்டுரைக்கு எனக்கு இது கொஞ்சம் ஒடுக்கம். விலைப்பட்டியலுக்கும் தலைப்புக்கும் பிரமாதம். இப்போது கடைப் பலகைக்கும் அதே எழுத்துதான் வேண்டும் என்கிறார் மாமா.