விமானத்தில் இல்லாத வகுப்புக்கு வாங்கிய பணம்: தொகுப்புச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்பவர்கள் கவனத்துக்கு

சிங்கப்பூர்–மலேசியா தொகுப்புச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்களிடம், பெரியவர்களுக்கு மட்டும் இருக்கையை பிசினஸ் கிளாஸாக உயர்த்தித் தருவதாகச் சொல்லித் தனியாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, விமான நிறுவனத்திடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் விட்ட பயண முகவர் ஒருவரிடம் எங்கள் குடும்பம் ஏமாந்தது. அதே குழுவில் வந்த திருவாரூர்க் குடும்பம் ஒன்றும் ஏமாந்தது. வழக்கு நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரையும் விமான நிறுவனத்தின் பெயரையும் எழுதவில்லை. அவர் கடை கும்பகோணத்தில் இருக்கிறது என்பது மட்டும் போதும். பெயர் தெரிவதைவிட, இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று தெரிவதுதான் கோடை விடுமுறைக்குப் பதிவு செய்பவர்களுக்குப் பயன்படும்.

குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்தையும் என் சேமிப்பையும் சேர்த்து, தீபாவளி முடிந்த கையோடு நான்கு பேருக்கு முன்பணம் கட்டினோம். சம்பா அறுவடை முடிந்து மாசியில் கிளம்புவதாகத் திட்டம். தொகுப்புக்கான தொகை முழுவதையும் அவருடைய நிறுவனக் கணக்கில்தான் செலுத்தினோம். அதற்கு ஜிஎஸ்டி எண்ணுடன் முறையான ரசீதும் வந்தது. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருப்பதால் நான்கு மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார முடியாது என்று நான் சொன்னபோதுதான் அவர் புதிய பேச்சை எடுத்தார்.

“அண்ணே, ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் பிசினஸ் கிளாஸ் போட்டுடலாம். குரூப் டிக்கெட்ல எனக்குத் தனி ரேட் இருக்கு, வெளியில கேட்டீங்கன்னா லட்சத்துல சொல்லுவான்” என்றார். ஒருவருக்குப் போக வர 22,000 ரூபாய், இருவருக்கு 44,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 7,920, ஆக மொத்தம் 51,920 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் கணக்கு அனுப்பினார். சாதாரண வகுப்பு விமானப் பயணத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் என்பது உண்மையான விதி என்பதால், அந்தக் கணக்கில் இருந்த 18 சதவீதமே நம்பகத்தன்மையைக் கொடுத்தது. வசூலித்த வரி எந்த ஜிஎஸ்டி எண்ணின் கீழும் போகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கடைக் கணக்கில் வரம்பு முடிந்துவிட்டது என்று சொல்லி, தன் மைத்துனர் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னார். ரசீதாகக் கிடைத்தது கடையின் லெட்டர்ஹெட்டில் “சீட் அப்கிரேட், 2 நபர்” என்று பேனாவால் எழுதிய ஒரே வரி. சக்கர நாற்காலிக்கு என்று 2,000 ரூபாயும் தனியாக வாங்கினார். திருச்சி விமான நிலையத்தில் அந்த உதவிக்கு விமான நிறுவனம் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்னதாகத் தெரிவித்துவிட்டால் போதும் என்றுதான் கவுண்ட்டரில் சொன்னார்கள்.

சில நாள் கழித்து இருக்கை வரைபடம் ஒன்றின் படம் வந்தது. மூன்றாம் வரிசையில் எச், கே என்ற இரண்டு இருக்கைகளைச் சிவப்பு வட்டமிட்டு “ஐயா, அம்மா” என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசடியின் முழுச் சாட்சியமும் அதில்தான் இருந்தது. வரிசைக்கு ஏ, சி, நடுவில் டி, ஜி, அப்புறம் எச், கே என்று இரண்டிரண்டாக ஆறு இருக்கைகளும் இரண்டு நடைபாதைகளும் அதில் தெரிந்தன. அது அகலமான பெரிய விமானத்தின் முன்பகுதி. எங்களை ஏற்றிச் சென்றதோ ஏ320 என்ற ஒற்றை நடைபாதை விமானம். நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஏ, பி, சி, அந்தப் பக்கம் டி, இ, எஃப், அவ்வளவுதான். அதில் எச் என்ற எழுத்தும் கிடையாது, கே என்ற எழுத்தும் கிடையாது. அந்த நிறுவனம் அந்தத் தடத்தில் ஓட்டும் விமானத்தில் முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை ஒரே வகுப்பு. இல்லாத வகுப்பில் இல்லாத இருக்கைக்கு வரியோடு பணம் வாங்கி எங்கள் காதில் பூச்சுற்றியிருக்கிறார் அந்த மனிதர்.

“குரூப் டிக்கெட் என்பதால் நீங்கள் வெப் செக்-இன் செய்ய வேண்டாம், குழு பிரிந்துவிடும்” என்று அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதன் காரணமும் இதுதான். அனுப்பிய பயணச்சீட்டுப் படத்தில் பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண் இருந்த இடத்தைக் கறுப்பாக அழித்து, தன் கடையின் குழு எண்ணை மட்டும் போட்டிருந்தார். பிஎன்ஆரும் பெயரும் கையில் இருந்தால் பயணி விமான நிறுவனத்தின் தளத்திலேயே தன் பதிவைத் திறந்து, வகுப்பு என்ன, இருக்கை என்ன, உணவுக்குப் பணம் கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட முடியும். அதைத்தான் அவர் மறைத்தார். பிஎன்ஆரைக் கேட்டபோதெல்லாம், பேர் ஏற்றும் வேலை இன்னும் முடியவில்லை என்றே பதில் வந்தது. குழுப் பதிவில் இடங்களை முதலில் மொத்தமாகப் பிடித்துவிட்டுப் பயணிகளின் பெயரைப் பிறகு ஏற்றுவது நடைமுறைதான் என்பதால், முழுப் பொய்யென்றும் அதைச் சொல்ல முடியவில்லை.

திருச்சி விமான நிலையக் கவுண்ட்டரில் நான் வரைபடத்தைக் காட்டியபோது அங்கிருந்த பெண் ஒரு முறை பார்த்துவிட்டு, “ஐயா, இந்த ஃப்ளைட்ல எஃப் வரைக்கும்தான் சீட் இருக்கு. உங்க புக்கிங்ல சீட்டுக்குன்னு எதுவும் கட்டலையே” என்றார். அப்பாவுக்கு 24பி, அம்மாவுக்கு 27இ என்று அச்சாகி வந்தது. இரண்டுமே நடு இருக்கைகள். குழுவோடு வந்த முகவரின் ஆள் அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். வேலைக்காகச் சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்த பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், தான் கேட்டு வாங்கிய நடைபாதை ஓர இருக்கையை அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தார். ஐம்பதாயிரம் ரூபாய் வாங்கியவர் செய்யாததைக் காசில்லாமல் செய்த அவருக்கு இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

போர்டிங் பாஸில் பிஎன்ஆர் அச்சாகியிருந்ததால், சிங்கப்பூரில் விடுதிக்குப் போனதும் பதிவைத் திறந்தேன். திரும்பும் பயணத்துக்கும் இருக்கை என்ற இடம் காலியாகவே இருந்தது. முதல் வரிசையில் காலை நீட்டி உட்காரும் இருக்கைகள் இரண்டை அங்கேயே அட்டையில் பணம் கட்டி எடுத்தேன். ஒன்று மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவு. முகவரைத் தொலைபேசியில் கேட்டபோது, அவசர வழிக்குப் பக்கத்து வரிசையில் வாங்கித் தருவதாகச் சமாளித்தார். அந்த வரிசையில் நடமாட்டச் சிரமம் உள்ளவர்களை உட்காரவே விட மாட்டார்கள் என்பது, இத்தனை ஆண்டுகளாகத் தொழில் செய்பவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

ஊர் திரும்பிய பிறகு அவர் சொன்ன விளக்கம் இன்னும் விசித்திரமானது. கடைசி நேரத்தில் விமான நிறுவனம் பெரிய விமானத்தை மாற்றிச் சின்னதை விட்டுவிட்டதாம். பணத்தை அவர்களிடம்தான் கேட்க வேண்டுமாம். அப்படி ஒரு விதி இருக்கத்தான் செய்கிறது. உயர் வகுப்புச் சீட்டு வைத்திருப்பவரை விமான நிறுவனம் தன் காரணத்துக்காகக் கீழ் வகுப்பில் ஏற்றினால், விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் 2023 பிப்ரவரி விதிப்படி, 1,500 முதல் 3,500 கிலோமீட்டர் வரையுள்ள சர்வதேசப் பயணத்துக்கு வரி உட்படச் சீட்டின் விலையில் 50 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும். திருச்சி–சிங்கப்பூர் அந்தத் தூரத்துக்குள்தான் வரும். ஆனால் உயர் வகுப்புச் சீட்டு என்று ஒன்று எடுக்கப்பட்டிருந்தால்தானே அந்த விதிக்கு வேலை? எங்கள் பதிவில் தொடக்கம் முதலே சாதாரண வகுப்பு என்றுதான் இருக்கிறது என்று விமான நிறுவனம் மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்துவிட்டது. அவர்கள் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்பவர், விற்கும்போதே வாங்குபவரிடம் வசூலிக்கும் டிசிஎஸ் என்ற வருமான வரியைப் பிடித்து நம் பான் எண்ணில் செலுத்த வேண்டும். நம் பான் எண்ணில் பிடித்த வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தபோது தொகுப்புக்குக் கட்டிய தொகை சரியாக ஏறியிருந்தது. அதே காலாண்டில் கட்டிய இருக்கைத் தொகையைக் காணவில்லை. தொகுப்புக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமே இல்லாதபடி அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கு எழுத்தில் கிடைத்த ஆதாரம் அது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தவுடன் சக்கர நாற்காலிப் பணம் 2,000 மட்டும் திரும்பி வந்தது. மீதிக்கு ஸ்பீடு போஸ்டில் அறிவிப்பு அனுப்பி, பதில் வராததால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். வாட்ஸ்அப் உரையாடல், வரைபடப் படம், ஜிபே விவரம், போர்டிங் பாஸின் கிழித்த துண்டு ஆகியவற்றை மனுவோடு இணைத்தேன்.

சித்திரை, வைகாசிப் பயணங்களுக்கு இப்போது இதே பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் அந்தத் தடத்தில் ஓடுவது எந்த வகை விமானம், அதில் எத்தனை வகுப்பு என்பதை விமான நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிஎன்ஆர் கைக்கு வந்து, அதைத் திறந்தால் நம் பெயருக்கு நேரே இருக்கை எண் தெரிந்த பிறகு பணம் கொடுப்பதாகச் சொல்லிப் பாருங்கள். உண்மையில் வாங்கித் தருபவருக்கு அதில் எந்தச் சிரமமும் இருக்காது. எங்கள் குழுவில் வந்து, இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டிய வேறு யாராவது இருந்தால் போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாமல் என்னைத் தொடர்பு கொள்ளுங்கள். திருவாரூர்க் குடும்பத்தினரும் தங்கள் மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.