தெருமுனைக் கடையின் திரிகடுகச் சூரணம்

சளியும் தொண்டைக் கரகரப்பும் படுத்திய வாரத்தில், எங்கள் தெருமுனை நாட்டு மருந்துக் கடையில் 50 கிராம் திரிகடுகச் சூரணம் வாங்கினேன். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சம எடையில் சேர்த்து இடிப்பதே இதன் முறை. கால் தேக்கரண்டிப் பொடியைத் தேனில் குழைத்து நாக்கில் வைத்ததும், முதலில் மிளகின் காரமும் சற்றுப் பொறுத்துத் திப்பிலியின் விறுவிறுப்பும் தொண்டைக்குள் இறங்கின. இரண்டாம் நாள் இரவு இருமல் தணிந்து உறங்க முடிந்தது, சளி தானாகவே அடங்கும் பருவமும் அதுதான் என்றாலும்.

குறை என்னவென்றால், சுக்கின் மேல்தோலைச் சீவாமலே அரைத்திருக்கிறார்கள். சுக்குக்குப் புறநஞ்சு என்று கேட்டு வளர்ந்த எனக்கு, சல்லடையில் தங்கிய நார் உறுத்தியது. பொட்டலத்தில் அரைத்த தேதியும் இல்லை. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு இந்தக் காரம் ஒத்துக்கொள்ளாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அடுத்த முறை சரக்கை முழுதாக வாங்கி வீட்டிலேயே இடித்துக்கொள்வேன்.