சிவப்புப் பட்டியலை நம்பி நான்கு மாதம் பாலை நிறுத்தினேன்

என் பையனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். அவன் சாப்பிடுவது மூன்றே மூன்று: தயிர் சாதம், பால், கோதுமை பிஸ்கட். பிஸ்கட் உடைந்திருந்தால் அதையும் தொடமாட்டான்.

தெரபி வாசலில் பழக்கமான ஓர் அம்மா சொல்லி, ஒரு டயட் மையத்துக்குப் போனோம். "குடல் சரியானா பேச்சு தானா வரும்" என்றார்கள். உணவு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, ரத்தத்தில் ஐஜிஜி என்ற ஒரு வகை எதிர்ப்புப் புரதத்தை அளக்கும் பரிசோதனை, 14,500 ரூபாய். ரிப்போர்ட்டில் பால், தயிர், கோதுமை மூன்றும் சிவப்பு. மூன்றையும் நிறுத்தச் சொல்லி, பாதாம் பாலும் மாதம் 6,800 ரூபாய்க்கு ஒரு பவுடரும் எழுதிக்கொடுத்தார்கள்.

பாதாம் பால் டம்ளரை முகர்ந்து பார்த்தவன், நிதானமாகப் போய் சிங்க்கில் கவிழ்த்துவிட்டு வந்தான். அப்புறம் வெறும் சாதம்தான். தூக்கமும் போனது. போன் பண்ணினால், "நச்சு வெளியேறுது மேடம், நல்ல அறிகுறி" என்றார்கள். 17 கிலோ இருந்தவன் நான்கு மாதத்தில் 15 ஆனான். வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு வார்த்தை கிடையாது. ராத்திரியில் என் கையை இழுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு அழுவான்.

குழந்தை மருத்துவர் பார்த்தபோது வைட்டமின் டி 9தான் இருந்தது, கால்சியமும் குறைவு. அந்த ரிப்போர்ட்டைக் காட்டினேன். "இதுக்கு முன்னாடி தினமும் என்ன சாப்பிடுவான்?" என்று கேட்டார். சொன்னேன். "அதைத்தான் சிவப்பா போட்டிருக்காங்க" என்றார். ஐஜிஜி காட்டுவது ஒவ்வாமையை இல்லையாம். அடிக்கடி சாப்பிடும் உணவை உடம்பு அடையாளம் வைத்திருப்பதைத்தானாம். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2008லேயே இந்த வகைச் சோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். என் பையனின் தட்டில் இருந்ததை எனக்கே 14,500 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்!

பணம் கேட்டுப் போனேன். டயட்டை நான் ஒழுங்காகப் பின்பற்றவில்லையாம். பிரித்த டப்பாவுக்குப் பணமும் கிடையாதாம்.

இன்னொன்று. கோதுமையால் வரும் சீலியாக் நோய் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். நிறுத்திவிட்டுக் கொடுத்தால் சரியாகக் காட்டாது. நாங்கள் அதற்காகவே மறுபடி பிஸ்கட் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து எடுத்தோம். சீலியாக் இல்லை.