சொட்டு எண்ணிப் பார்க்கும் தண்ணீர் சோதனை கிட்: என் அனுபவம்

புறநகர்க் குடியிருப்புகளில் தண்ணீரைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் சொல்வது ஒரே எண்தான்: டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு. "உங்க வீட்ல எவ்வளவு?" "700 சொச்சம்." அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கீசர் கம்பியில் வெள்ளையாகப் படிவதும், சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போவதும், ஷவர் துளைகள் அடைத்துக்கொள்வதும் பெரும்பாலும் கால்சியம், மெக்னீசியம் என்ற இரண்டின் வேலை. டிடிஎஸ் மீட்டரால் இந்த இரண்டை மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருப்பதன் மொத்தத்தை அது ஊகித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். சமையல் உப்பைக் கரைத்தாலும் அந்த எண் ஏறும்.

அந்த இரண்டையும் அளப்பதற்குத்தான் கடினத்தன்மை சோதனை கிட். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. உள்ளே கோடு போட்ட ஒரு சின்னக் குழாய், மூன்று சொட்டுப் பாட்டில்கள். தண்ணீரைக் கோடு வரை பிடித்து, முதல் பாட்டிலில் இருந்து சில சொட்டுகள் விட வேண்டும். இதில் அம்மோனியா நெடி தூக்கலாக இருக்கும், முகத்தருகே கொண்டுபோகாதீர்கள். இரண்டாவது பாட்டில் நிறம் காட்டும் சாயம். அதை விட்டுக் குலுக்கியதும் கடின நீர் அப்படியே செம்மதுவின் நிறத்துக்கு மாறிவிடும். மூன்றாவதில் இருப்பது இடிடிஏ கரைசல். கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டிவைப்பது இதுதான்.

இனித்தான் பொறுமை வேண்டும். மூன்றாவது பாட்டிலைச் செங்குத்தாகப் பிடித்து ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொன்றுக்கும் குலுக்கி, எண்ணிக்கொண்டே வர வேண்டும். முதல் பத்துச் சொட்டுக்கும் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பிறகு சிவப்பில் மெல்ல ஊதா கலக்கும். அந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. சொட்டு விட்டபின் சில நொடிகள் காத்திருந்து பார்க்க வேண்டும். கடைசி ஊதாவும் போய்ச் சுத்தமான நீலம் வரும் சொட்டுதான் கணக்கு. என் கிட்டில் ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு 25 மில்லிகிராம் (கடினத்தன்மையைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டுச் சொல்லும் எண் இது). எங்கள் குழாய்த் தண்ணீர் 17 சொட்டில் நீலமானது, அதாவது 425. பொதுவாக 60 வரை மென்மை, 180க்கு மேல் போனால் மிகக் கடினம் என்று பிரிப்பார்கள். அப்படியென்றால் 425 என்பது எந்த இடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிட்டை நான் மனதாரப் புகழ்வதற்குக் காரணம், கடினத்தன்மையை நீக்கும் இயந்திரமான சாஃப்ட்னர் விஷயத்தில் அது தீர்த்துவைத்த குழப்பம். பக்கத்து வீட்டுத் தம்பி புதிதாக சாஃப்ட்னர் மாட்டியிருந்தார். "டிடிஎஸ் துளிகூடக் குறையலக்கா, ஏமாத்திட்டாங்க" என்று வந்து நின்றார். அவர் வீட்டுத் தண்ணீரில் சாயத்தை விட்டதுமே நீலம் வந்துவிட்டது. மூன்றாவது பாட்டிலைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. சாஃப்ட்னரில் உள்ள ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாக சோடியத்தை விடுகிறது. 40 மில்லிகிராம் கால்சியம் போனால் 46 மில்லிகிராம் சோடியம் வரும். அப்படியிருக்க மொத்த டிடிஎஸ் எப்படிக் குறையும்? ஒரு பொடி ஏறத்தான் செய்யும். அவருடைய இயந்திரம் சரியாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் கதை நேர்மாறு. பொருத்த வந்தவர் தண்ணீரைச் சோதிக்காமலே கண்ட்ரோலரில் கடினத்தன்மையை 250 என்று குத்துமதிப்பாக வைத்துவிட்டுப் போயிருந்தார். ரெசின் நிரம்பிப்போன பிறகும், இன்னும் இடமிருக்கிறது என்று இயந்திரம் நினைத்துக்கொண்டிருந்தது. உப்புக் கரைசலால் ரெசினைக் கழுவும் நாளுக்கு முன்பாகவே குளியலறைக் குழாயில் 150 காட்டியது. எண்ணை 425க்கு மாற்றினோம். இப்போது கழுவல் முன்கூட்டியே நடக்கிறது, உப்பு கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது, ஆனால் கண்ணாடிக் கதவில் வெள்ளைத் திட்டு படிவதில்லை. பெரிய தொகை கொடுத்து இயந்திரம் வாங்குகிறவர்கள் இந்தச் சின்னப் பெட்டியை முதலில் வாங்கிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். சாஃப்ட்னர் வந்தபிறகு அளக்கும்போது தண்ணீரை இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். சொட்டுக்கு 12.5 என்று நுணுக்கமாகக் கிடைக்கும்.

குழாயில் மாட்டும் காந்தக் கருவிகளைச் சோதிக்க இது உதவாது. கடினத்தன்மை குறையாது, வெள்ளைப் படிவு ஒட்டிக்கொள்ளும் விதம்தான் மாறும் என்று விற்பவர்களே சொல்கிறார்கள். அதனால் எண் அப்படியே இருப்பதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

அப்புறம், முக்கியமான ஒன்று. குடிக்கலாமா கூடாதா என்று இந்தக் கிட் சொல்லாது. கடின நீர் உடம்புக்குக் கேடு என்று உலக சுகாதார நிறுவனமும் வரம்பு எதுவும் விதிக்கவில்லை. கிருமி, நைட்ரேட், ஃப்ளோரைடு, ஆர்சனிக் எல்லாம் நிறமும் மணமும் இல்லாமல் இருக்கக்கூடியவை. அவற்றுக்கு ஆய்வகப் பரிசோதனைதான் வழி. சாஃப்ட்னர் தண்ணீரைக் குடிப்பவர்களும் யோசிக்க வேண்டும். 425 கடினத்தன்மையை முழுதாக நீக்கினால் லிட்டருக்கு ஏறக்குறைய 195 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியவர்கள் வீட்டில் இருந்தால் குடிதண்ணீருக்குத் தனி இணைப்பு வையுங்கள். தோட்டத்துக்கும் அப்படியே, சோடியம் மண்ணை இறுகச் செய்துவிடும்.

குறைகளும் உண்டு. மஞ்சள் விளக்கில் ஊதாவையும் நீலத்தையும் பிரித்தறிவது கஷ்டம், பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பாருங்கள். இரும்புச்சத்து உள்ள போர் தண்ணீரில் நிறம் தெளிவாக மாறாமல் மங்கலாகவே நிற்கும். காலாவதி தேதி பாட்டிலில் பொடி எழுத்தில் இருக்கிறது. எங்களைப் போன்ற கடின நீர் வீடுகளில் மூன்றாவது பாட்டில்தான் முதலில் தீர்கிறது, அது தனியாகக் கிடைப்பதில்லை. அதற்காக முழுப் பெட்டியையும் மறுபடி வாங்க வேண்டியிருக்கிறது. தயாரிப்பவர்கள் அந்த ஒரு பாட்டிலை மட்டும் தனியாக விற்றால் எங்கள் தெருவில் இன்னும் பலர் வாங்குவார்கள்.