தீவு வறட்சி மேப்: பழைய மழைமானி ரெக்கார்டா, சாட்டிலைட்டா?

தீவுல வறட்சி மேப் போட பெருசா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, பழைய மழைமானி ரெக்கார்டை எல்லாம் சேத்து, மானி இல்லாத இடத்தை கணக்குப் போட்டு நிரப்பி கிரிட் ஆக்குறது. இன்னொண்ணு, சாட்டிலைட் டேட்டாவ டவுன்லோட் பண்ணி அப்படியே எடுத்துக்குறது. சமவெளில ரெண்டாவது நல்லாவே வேலை செய்யும், ஆனா மலை இருக்குற தீவுன்னா என் ஓட்டு மழைமானிக்குத்தான்.

பசிபிக் கடல்ல இருக்குற ஹவாய் தீவுக்கூட்டத்த எடுத்துக்குங்க. வடகிழக்குல இருந்து வர்ற காத்து மலைல மோதுற பக்கம் கொட்டித் தீத்துடும், பின்பக்கம் காஞ்சு கிடக்கும். மௌயி தீவுல பிக் பாக்ங்கிற சதுப்புல வருஷத்துக்கு சுமார் 10,000 மி.மீ. மழை, ஹவாய் பெரிய தீவோட மேற்குக் கரைல கவைஹே பக்கம் வெறும் 200 மி.மீ. சொச்சம். ஐமெர்க்ங்கிற நாசா சாட்டிலைட் மழை டேட்டால ஒரு கட்டம் சுமார் 10 கி.மீ. அகலம், சிர்ப்ஸ்ங்கிற இன்னொரு டேட்டால சுமார் 5 கி.மீ., அப்போ ஒரே கட்டத்துக்குள்ள மழைக்காடு, பொட்டல், கடல் மூணும் வந்து சராசரி ஆயிடுது. மழைமானிய வெச்சுப் போட்ட ஹவாய் மழை அட்லஸ்ல கட்டம் 250 மீட்டர்தான்.

சரி, கட்டத்த சின்னதாக்கிட்டா போதுமான்னா, போதாது. இன்ஃப்ராரெட் சென்சார் மேக உச்சி எவ்வளவு குளிரா இருக்குன்னு பாத்துதான் மழைய கணிக்குது, ஆனா இங்க மேகத்த ரொம்ப உசரம் போகவிடாம மேல ஒரு வெப்பமான காத்து அடுக்கு மூடி மாதிரி அமுக்கி வெச்சிருக்கு, அதனால உச்சி அவ்வளவா குளிராது, ஆனா மழை மட்டும் விடாம பெய்யும். மைக்ரோவேவ் சென்சாரும் நிலத்து மேல பெரும்பாலும் மேகத்துல இருக்குற ஐஸை வெச்சுத்தான் கணிக்குது, இந்தக் குட்டை மேகத்துல ஐஸே கிடையாது. "எப்பவும் ஒரே அளவு குறைச்சு காட்டினா என்ன, வறட்சிங்கிறது அந்த இடத்தோட வழக்கத்த வெச்சுதானே பாக்குறோம்"னு கேக்கலாம், நியாயமான கேள்விதான். ஆனா குறைச்சு காட்டுற அளவு ஒரே மாதிரி இருக்காது, உசரமான மேகத்துல இருந்து புயல் மழை நிறைய வந்த வருஷம் ஓரளவு சரியா வரும், மலை மழையே நம்பியிருந்த வருஷம் தப்பா வரும்.

அடுத்தது ரெக்கார்டு நீளம். சிர்ப்ஸ் 1981ல இருந்துதான், ஐமெர்க் அதுக்கும் ரொம்ப பின்னாடி. மழை அந்த இடத்தோட வழக்கத்த விட எவ்வளவு கூட, குறைச்சல்னு ஒரே எண்ல சொல்ற எஸ்பிஐ குறியீட்டுக்கு குறைஞ்சது 30 வருஷம் வேணும்பாங்க, அந்தக் கணக்குல சிர்ப்ஸ் பாஸ். ஆனா பசிபிக்ல எல் நினோவும் இருக்கு, பத்து இருபது வருஷம் நீடிக்கிற மாற்றங்களும் இருக்கு, எல் நினோ சில வருஷத்துக்கு ஒரு தடவை வந்துடும், ஆனா அந்த நீண்ட மாற்றங்கள் 40 வருஷத்துல ஓரிரு தடவைதான் திரும்பும். ஹவாய்க்கு மழைமானிய வெச்சுப் போட்ட மாசவாரி மேப் 1920ல இருந்தே இருக்கு, 2007ல இருந்து 2014 வரைக்கும் இழுத்த வறட்சி எவ்வளவு மோசம்னு அதுல வெச்சுப் பாத்தாதான் தெரியும்.

மழைமானி பக்கமும் ஓட்டை இருக்கு. அங்க நிறைய மானிய பராமரிச்சது கரும்பு, அன்னாசி தோட்டங்கள், தோட்டத்த மூடினதும் மானியும் போச்சு. மானி குறைஞ்ச காலத்து மேப்ல நிரப்பின பகுதி அதிகம், மழை குறையுதுன்னு தெரியுறது நெஜமா இல்ல மானி போனதாலயான்னு குழப்பமாயிடும். அதனால எந்த வருஷம் எங்கெங்க மானி இருந்துச்சுன்னு பக்கத்துலயே ஒரு மேப் கட்டாயம் போடணும், இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

குறியீட்டுலயும் போட்டி இருக்கு. 1993ல வந்த எஸ்பிஐக்கு மழை மட்டும் போதும், 2010ல வந்த எஸ்பிஈஐக்கு ஆவியாதல் கணக்கும் வேணும். சூடு ஏறுற காலத்துல ரெண்டாவதுதான் நேர்மையான குறியீடு, ஆனா தீவு மலைல நூறு வருஷ வெப்பநிலை ரெக்கார்டு எத்தன இடத்துல இருக்கும்? அதனால நீண்ட வரலாறுக்கு எஸ்பிஐ, கடைசி சில பத்து வருஷத்துக்கு எஸ்பிஈஐ. புல்லு, காட்டுத்தீ பாக்க கடைசி 3 மாசத்த சேத்துப் பாக்குற கணக்கு, ஓடை, நிலத்தடி நீருக்கு 12 மாசத்த சேத்து.

துவாலு, கிரிபாட்டி மாதிரி தட்டையான பவளத்தீவுல கதையே வேற. மலை இல்ல, தீவு முழுக்க மழை ஏறக்குறைய ஒண்ணுதான், மேப்பே தேவையில்ல, நல்லா பராமரிச்ச ஒரு மானி போதும். மானி இல்லாத தீவுக்கு சாட்டிலைட்ட தாராளமா நம்பலாம், சுத்தி கடலா இருக்குறதால மைக்ரோவேவுக்கு அங்க வேலை சுலபம்.