மேக்னெபேன் எல்ஆர்எஸ்: ஒரு ஸ்பீக்கர், மூன்று ஆம்ப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஸ்பீக்கரில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. மேக்னெபேன் எல்ஆர்எஸ் 2019-ல் வந்த மாடல், நாலடி உயரத்தில் ஒரு தடுப்புப் பலகை மாதிரி நிற்கும். பெட்டி கிடையாது, கூம்பு கிடையாது, காந்தங்களுக்கு முன்னால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு அதிர்கிறது, அவ்வளவுதான். சரியான ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) கிடைத்தால் குரல் அறைக்குள் ஆள் வந்து நிற்பது போல இருக்கும். அந்த "சரியான ஆம்ப்" கிடைக்கத்தான் எனக்கு ஏழு மாதம் ஆனது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு ஏவி ரிசீவர், அதாவது டிவி, சினிமா ஒலிக்கான ஆம்ப், இருந்தது (எந்த கம்பெனி என்பது வேண்டாம்). பெட்டியின்மேல் சேனலுக்கு நூற்றுச் சொச்சம் வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், அதுவே போதும் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டவரை பிரச்சினை இல்லை. ஒருநாள் கொஞ்சம் சத்தமாக வைத்தேன், டிரம்ஸும் பேஸும் சேர்ந்து இறங்கிய இடத்தில் "டிக்" என்று ரிலே (ஆபத்து வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து எல்லாம் அமைதி. சூடு தணிந்ததும் மறுபடி போட்டேன், மறுபடி டிக். பின்னால் 4 ஓம் என்று ஒரு சுவிட்ச் (ஓம் என்பது ஸ்பீக்கர் காட்டும் மின் எதிர்ப்பு, எண் குறையக் குறைய ஆம்ப் அதிகக் கரண்ட் தர வேண்டும்) இருப்பதைப் பார்த்து, ஆகா இதுதான் தீர்வு என்று தட்டிவிட்டேன். டிக் நின்றது, ஆனால் பாட்டும் சோர்ந்துவிட்டது. இந்த வகை சுவிட்ச் பெரும்பாலும் ஆம்புக்குள் போகும் மின்னழுத்தத்தைக் குறைக்கத்தான் இருக்கிறது, ரிசீவர் சூடாகிச் சாகாமல் பார்த்துக்கொள்ள. ஸ்பீக்கருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எல்ஆர்எஸ்ஸின் சென்சிட்டிவிட்டி (கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்ற அளவு) 86 டெசிபல், அதுவும் 2.83 வோல்ட்டுக்கு. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 1 வாட், இந்த 4 ஓம் ஸ்பீக்கரிலோ அதுவே 2 வாட். அதாவது 1 வாட்டுக்கு உண்மையில் 83 டெசிபல்தான். ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் உச்சம் வேண்டுமானால் 50 வாட், 106 வேண்டுமானால் 200 வாட். 6 டெசிபல் கேட்டால் நாலு மடங்கு சக்தி கேட்கிறது, அதுதான் கொடுமை. ஆர்கெஸ்ட்ரா, நேரடிக் கச்சேரிப் பதிவு எல்லாம் சராசரியிலிருந்து 15, 20 டெசிபல் சர்வ சாதாரணமாக எகிறும். அதனால் இப்போதெல்லாம் நான் பெட்டியில் 8 ஓம் வாட் எவ்வளவு என்று பார்ப்பதில்லை, 4 ஓமுக்கு அது இரண்டு மடங்கு ஆகிறதா என்றுதான் பார்க்கிறேன். ஆகவில்லையென்றால், இல்லை 4 ஓம் எண்ணையே போடவில்லையென்றால், பவர் சப்ளையில் தெம்பு இல்லை என்று சந்தேகப்படலாம்.

இரண்டாவது, நண்பர் ஒரு மாதத்துக்குக் கொடுத்த வால்வ் ஆம்ப், அதாவது டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடுவது, இஎல்34 வால்வுகள், 35 வாட். இதில் ஒரு ஆச்சரியம். வால்வ் ஆம்புக்கு அவுட்புட் இம்பீடன்ஸ் (ஓமில் சொல்லும் அதே மின் எதிர்ப்பு, இங்கே ஆம்பின் சொந்த எதிர்ப்பு) அதிகம், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் மேலும் கீழும் ஆடினால் அதன் கூடவே ஒலியின் நிறமும் மாறும் என்பார்கள். எல்ஆர்எஸ்ஸின் இம்பீடன்ஸ் அதிகம் ஆடாது, கிட்டத்தட்ட ஒரு ரெசிஸ்டர் மாதிரி, அதனால் 4 ஓம் டேப்பில் (ஆம்பின் பின்னால் 4 ஓம் ஸ்பீக்கருக்கான இணைப்பில்) போட்டபோது நிறம் கெடவே இல்லை. இரவில் தனிக் குரல், கிடார் கேட்க அவ்வளவு சுகம். ஆனால் பெரிய ஆர்கெஸ்ட்ரா வந்தால் எல்லாரும் ஒரே லிஃப்டுக்குள் ஏறிய மாதிரி நெருக்கடி. 35 வாட்டிடம் அதற்குமேல் கேட்பதும் நியாயமில்லை.

மூன்றாவதாக வந்து இங்கேயே தங்கிவிட்டது பென்ச்மார்க் ஏஎச்பி2. ஆறு கிலோகூட இல்லாத குட்டி டப்பா, முதலில் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. 8 ஓமுக்கு 100 வாட், 4 ஓமுக்கு 190, கிட்டத்தட்ட இரட்டிப்பு. போட்ட முதல் நாளே ரிசீவர் டிக் அடித்த அதே பாட்டை அதே சத்தத்தில் வைத்தேன், அலட்டிக்கொள்ளவே இல்லை. பேஸ் கிதார் ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து கேட்டது, சிம்பலின் ஓசை தேய்ந்து மறையும் கடைசி நொடிவரை பின்னணியில் இரைச்சல் என்று எதுவும் இல்லை. முன்பக்கம் கிளிப் விளக்கு இருப்பது பெரிய வசதி, எல்லை தாண்டுகிறோமா என்று காதால் ஊகிக்க வேண்டியதில்லை. வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பின்னால் கெயின் சுவிட்ச் (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதற்கு) மூன்று நிலையில் இருக்கிறது. வீட்டு டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் கருவி) 2 வோல்ட்தான் கொடுக்கும் என்றால் அதிக கெயினில் வையுங்கள், இல்லாவிட்டால் "இவ்வளவுதானா சத்தம்" என்று ஏமாந்துபோவீர்கள். இரண்டு ஆம்ப் வாங்கி மோனோவாக மாற்றலாமே என்ற ஆசை எனக்கும் வந்தது. ஆனால் அப்படிப் பிரிட்ஜ் செய்தால், அதாவது ஓர் ஆம்பின் இரண்டு சேனலையும் ஒரே ஸ்பீக்கருக்குச் சேர்த்தால், ஒவ்வொரு பாதியும் 4 ஓம் ஸ்பீக்கரை 2 ஓமாகத்தான் பார்க்கும், அந்தப் பாரத்தை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

எந்த ஆம்ப் போட்டாலும் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது மிக ஆழமான பேஸில், எல்ஆர்எஸ்ஸிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். அங்கே வாட்டை ஏற்றுவது வீண், சப்வூஃபர்தான் வழி. சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வைக்க இடமில்லையென்றால் இந்த ஸ்பீக்கரே வேண்டாம்.

இன்னொன்று, இதே கணக்கை ஆம்பைப் படுத்தும் எல்லா முரட்டு ஸ்பீக்கருக்கும் அப்படியே போட முடியாது. பழைய 15 ஓம் எல்எஸ்3/5ஏ மாதிரி ஒரு குட்டி ஸ்பீக்கருக்கு சென்சிட்டிவிட்டி குறைவுதான், ஆனால் அது கரண்டைக் கேட்காது, வோல்ட்டைக் கேட்கும், வால்வ் ஆம்போடு நன்றாகவே ஒத்துப்போகும். 1980-களின் அபோஜி சின்டில்லா ஸ்பீக்கரோ 1 ஓம், அதற்கு வெல்டிங் மெஷின் மாதிரி ஆம்ப் வேண்டும். எலக்ட்ரோஸ்டாடிக் பேனல்களில் (காந்தம் இல்லாமல் நிலைமின்சாரத்தால் சவ்வு அதிரும் ஸ்பீக்கர்கள்) இம்பீடன்ஸ் உச்ச அலைவரிசையில் போய்ச் சரியும், சில ஆம்ப்கள் அங்கே தடுமாறும்.

ரிசீவர் இப்போது பின் ஸ்பீக்கர்களை மட்டும் ஓட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறது. வால்வ் ஆம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இரவு பதினொரு மணிக்கு மட்டும் அதன் ஞாபகம் வருகிறது.