மொட்டை மாடி டிஷ்ஷும் எட்டரை மணி சீரியலும்: டெல்டாவில் பத்து மழைக்காலம்

டிடிஎச் டிஷ்ஷுக்கு வைகாசி வெயிலில் மார்க் போடக் கூடாது. அப்போது எல்லா டிஷ்ஷும் நூற்றுக்கு நூறு வாங்கும். காவிரி டெல்டாவில் அதற்குப் பரீட்சை ஐப்பசி அடைமழையில்தான். பத்து மழைக்காலம் பார்த்த பிறகு சொல்லக்கூடிய தீர்ப்பு இது: சீரியல் ஓடும் வீட்டுக்கு டிஷ் போதும். கிரிக்கெட் ஓடும் வீட்டுக்குப் போதாது.

காரணம் மழையில் பாதி, சீரியலில் பாதி. டிடிஎச் அலை கு பேண்டு என்ற அலைவரிசையில், ஏறத்தாழ 11 கிகாஹெர்ட்ஸில் இறங்குகிறது. அதன் அலைநீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. அடைமழையின் பெரிய துளிகள் வழி நெடுக அதை உறிஞ்சும், சிதறடிக்கும். தூறலுக்கு ஒன்றும் ஆகாது. கொட்டித் தீர்க்கும் மழை என்றால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு நீலத் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்து நிற்கும். சாதாரணமாக இது பத்து நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடம் வரை நீடிக்கும்.

அந்த நாற்பது நிமிடத்தில் சீரியலில் என்ன நடந்திருக்கும்? மாமியார் மாடிப்படியில் இறங்கத் தொடங்கும்போது படம் போனால், திரும்பி வரும்போது மூன்றாவது படியில் இருப்பார். நடுவில் ஆறு பேர் முகத்துக்கு மூன்று முறை வீதம் கேமரா பாய்ந்திருக்கும், அவ்வளவுதான். நாளைக்கு முதல் இரண்டு நிமிடம் 'நேற்று நடந்தது' என்று அதையே மறுபடி போடுவார்கள். அரைமணி நேரம் படம் போனாலும் கதை போகாது என்று உத்தரவாதம் தரும் ஒரே நிகழ்ச்சி இதுதான். கடைசி ஓவரில் படம் போனால் யார் உத்தரவாதம் தருவது?

கேபிள் கம்பெனி மாடியில் இருக்கும் எட்டடி, பன்னிரண்டடி டிஷ்கள் பெரும்பாலும் சி பேண்டு என்ற வேறு அலைவரிசைக்கானவை. 4 கிகாஹெர்ட்ஸ் அலை மழையை அவ்வளவாக மதிப்பதில்லை. அதனால் கேபிளில் மழை நேரத்திலும் படம் போகாது. ஆனால் தெருக்கம்பத்தில் தொங்கும் ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வேண்டும், ஒயர் மேல் முருங்கைக் கிளை விழாமல் இருக்க வேண்டும். டிஷ் மழையோடு போய் மழையோடு வந்துவிடும். கேபிள் மழை விட்ட பிறகு போகும், லைன்மேன் வந்தால்தான் வரும்.

இனி டிஷ்ஷைத் திசை பார்த்து நிறுத்தும் விஷயம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கும் சாட்டிலைட் தென்கிழக்கே, அதாவது அக்னி மூலையில், தரையிலிருந்து சுமார் 69 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேலே. ஆனால் டிஷ்ஷைப் பார்த்தால் அப்படித் தெரியாது. எல்என்பி, அதாவது டிஷ் குவிக்கும் அலையை வாங்கி ஒயரில் அனுப்பும் தலை, நடுவில் இல்லாமல் கீழே ஒரு கையில் நீட்டிக்கொண்டிருப்பதால், டிஷ் பக்கத்து வீட்டுத் தென்னையையே முறைப்பது போல் இருக்கும். இதை நம்பித் தென்னைக்கு வம்பு வளர்க்கும் வீடுகள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: டிஷ் மட்டத்துக்கு மேல் 30 அடி உயர்ந்த மரம், 11 அல்லது 12 அடிக்குள் நின்றால்தான் மறைக்கும். அதற்கு அப்பால் இருக்கும் மரம் நிரபராதி.

திசை திருப்ப இரண்டு ஆள் வேண்டும். மாடியில் ஒருவர் "இப்ப வருதா?" என்பார், கீழே ஒருவர் "வரல!" என்பார். இது தமிழ்நாட்டின் மிகப் பழைய ஒலிபரப்பு. 1982-ல் இலங்கையின் ரூபவாஹினி டிவி தொடங்கியபின் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உயரக் குழாயில் ஆன்டெனா கட்டித் திருப்பிய காலத்திலிருந்து வசனம் மாறவில்லை. மாறவேண்டியது கீழே இருப்பவர் பார்க்கும் இடம். படத்தைப் பார்க்காதீர்கள். பாக்ஸின் மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறங்கள். ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடு இருக்கும். ஸ்ட்ரெங்த் ஏறியிருப்பதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. டிஷ் வேறு சாட்டிலைட்டைப் பார்த்தாலும் ஏறும். பார்க்கவேண்டியது குவாலிட்டி. நட்டைப் பாதி தளர்த்தி, விரல் அகலத்தில் பாதி நகர்த்தி, மூன்று விநாடி பொறுங்கள். கோடு மெதுவாகத்தான் ஏறும். அவசரக்காரர் உச்சத்தைத் தாண்டிப் போய்விட்டு "டிஷ்ஷே சரியில்லை" என்பார். வெயில் நாளில் அரைகுறையாக நிறுத்தினாலும் படம் வரும். அந்தக் குறை ஐப்பசியில் சாதாரண மழைக்கே படத்தைக் கொண்டுபோகும்.

60 சென்டிமீட்டருக்குப் பதில் 90 சென்டிமீட்டர் டிஷ் போட்டால் பரப்பு இரண்டேகால் மடங்கு. நடுத்தர மழையைத் தாங்கும். அடைமழைக்கு அதுவும் சரணாகதி. எல்என்பி தலையில் பாலிதீன் பை கட்டுவது வீண் வேலை: பை மேல் ஒட்டும் தண்ணீர்ப் படலமே அலையைத் தடுக்கும். எல்என்பி மூடியில் வெடிப்பு இருந்தால் அதைக் கவனியுங்கள். அதன் வழியாகத் தண்ணீர் போகும். குளவியும் போய் மண்கூடு கட்டும். அதற்கு மாத வாடகை கிடையாது.

பெரும்பாலான 'எல்என்பி போச்சு' உண்மையில் எல்என்பி போனதல்ல, கனெக்டரில் தண்ணீர். ஒயரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். நடுச்செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் அங்கேதான் நோய். ஒரு சாண் வெட்டிவிட்டு, புதுக் கனெக்டர் போட்டு, டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், ஓடு வேய்வது போல. கனெக்டருக்குக் கீழே ஒயரை ஒரு தொங்கலாக வளைத்து விட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கழற்றும் முன் பாக்ஸின் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒயர் வழியே எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் போகிறது. உங்களுக்கு ஒன்றும் ஆகாது, நடுக்கம்பி அதைச் சுற்றியுள்ள வலைக்கம்பியில் உரசினால் பாக்ஸுக்கு ஆகும்.

ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, டிஷ் ஒரு டிகிரி திரும்பும். அது போதும், சாதாரண மழைக்கே படம் போக. வருடத்துக்கொரு முறை, ஆனி கடைசியில், நட்டுகளை இறுக்குங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றுக்கு நட்டு துருப்பிடித்து இறுகிவிடும். கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்தால் பிறகு கழற்ற வரும். புயல் எச்சரிக்கை வந்தால் டிஷ்ஷைக் கழற்றிக் கீழே வைப்பது உத்தமம். 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கழற்றும் முன் பின்பக்க அளவுகோலிலும் குழாயிலும் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், திரும்ப மாட்டும்போது அந்த "வருதா, வரல" பாதி நேரத்தில் முடியும்.

பங்குனி பிறக்கும் வாக்கிலும் புரட்டாசி நடுவிலும் சில நாள், நடுப்பகலை ஒட்டிச் சில நிமிடம், மேகமே இல்லாமல் படம் போகும். சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. யாரையும் மாடியேற்றாதீர்கள், தானாக வரும்.

புது எல்இடி டிவியில் நடிகைகள் எல்லோரும் இரண்டு சுற்றுப் பெருத்துத் தெரிந்தால் அவர்கள் மேல் குற்றமில்லை. பழைய 14 அங்குல இலவச டிவிக்குப் போட்ட மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரையே இதிலும் சொருகி, சதுரப் படத்தை இழுத்து விட்டிருக்கிறீர்கள். எச்டிஎம்ஐ ஒயர் போடுங்கள், அல்லது பட அளவை 4:3 ஆக்குங்கள்.

மழை நின்று கால் மணி நேரம் ஆகியும் படம் வரவில்லையா? நட்டு, ஒயர், குளவி எல்லாவற்றையும் பார்ப்பதற்கு முன், ஈர மாடிப்படியில் கால் வைப்பதற்கு முன், திரையில் இருக்கும் எழுத்தை ஒருதரம் முழுசாகப் படியுங்கள். மழைக்காலத்தில் வரும் புகாரில் கணிசமானவை ரீசார்ஜ் தீர்ந்தவை.